மாதிரி ரயில் தண்டவாளத் தூய்மை

மாதிரி ரயில் எஞ்சின் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து சக்கரங்கள் வழியாகவே பெறுகிறது. பரவலாகப் புழங்கும் 1:87 அளவில் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ.; சக்கரம் தொடும் இடமோ ஊசிமுனை அளவுதான். அங்கே அழுக்குப் படிந்தால் விளக்குகள் மினுக்கும், எஞ்சின் திக்கித் திக்கி ஓடும். டிஜிட்டல் முறையில் கட்டளைகளும் இதே வழியில் வருவதால் சிறு தடையும் வண்டியை நிறுத்திவிடக்கூடும்.

வீட்டுத் தூசி, எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய், சக்கரத்தடியில் எழும் நுண்பொறிகளால் உண்டாகும் ஆக்சைடு ஆகியவை சேர்ந்து கரிய பிசுக்காகின்றன. பித்தளை விரைவில் மங்குவதால், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த தண்டவாளங்களே இன்று பெரும்பாலும் பயன்படுகின்றன.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைப்பது எளிய முறை. துணியில் கருங்கோடு விழுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். உப்புத்தாளைத் தவிர்ப்பதே நல்லது: அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் உறுதியாகத் தங்கும்.

சக்கரங்களை விட்டுவிட்டுத் தண்டவாளத்தை மட்டும் துடைப்பது வீண்வேலை. லேசாக ஈரமாக்கிய துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, எஞ்சினின் ஒருமுனைச் சக்கரங்களை அதன்மேல் வைத்து, கையால் பிடித்தபடி மறுமுனை வழியே மின்சாரம் கொடுத்தால், சக்கரங்கள் சுழன்று தாமே துடைபடும். பாதை பிரியும் இடங்களின் நகரும் நாக்குகளைத் தனியே பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும்.