திருச்சிச் சுருட்டின் கருஞ்சாம்பல்

லண்டன், பிரிக்ஸ்டன் சாலைப் பக்கம் ஒரு காலி வீடு. உள்ளே ஒரு பிணம், சுவரில் ரத்தத்தால் எழுதிய ஒரு சொல். ஸ்காட்லாண்ட் யார்டு ஆட்கள் இரண்டு பேர் குழம்பிப்போய் நிற்கிறார்கள். அங்கே வரும் ஒல்லியான மனிதர் தரையில் தவழ்ந்து, சிந்திக் கிடந்த சாம்பலைக் கூட்டி எடுத்து ஓர் உறைக்குள் போட்டுக்கொள்கிறார். கிளம்பும்போது கொலைகாரனின் உயரம், முக நிறம், பூட்ஸ் முனையின் வடிவம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்கிறார்: அவன் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பிடித்தவன்.

1887இல் வெளியான, ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. ஷெர்லாக் ஹோம்ஸ் உலகத்துக்கு அறிமுகமான முதல் கதை. அதிலேயே நம்ம ஊர் சரக்கு தடயமாக வந்துவிடுகிறது. இதைப் படித்த தமிழர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெருமிதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. கொலைகாரன் யார்? (நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, இதற்கெல்லாம் ஸ்பாய்லர் எச்சரிக்கை போட முடியாது.) ஜெபர்சன் ஹோப் என்கிற அமெரிக்கன். லண்டனில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். எதிரிகளை ஊர் ஊராகத் துரத்தியே கைக்காசைத் தொலைத்தவன்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த ஒரு வண்டிக்காரனின் வாயில் திருச்சிச் சுருட்டு எப்படி வந்தது? கோனன் டாயில் விளக்குவதே இல்லை. விளக்க வேண்டிய தேவையும் அன்றைக்கு இருந்திருக்காது. ஹவானா சுருட்டு கனவான்களுக்கு. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய செரூட் அதைவிட மலிவு. ஆறடி உயரம், சிவந்த முகம் என்பதோடு, ஆள் பெரிய பணக்காரன் இல்லை என்பதையும் அந்தச் சாம்பல் சொல்லியிருக்கும். ஹோம்ஸ் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான். போர்ச்சுக்கீசியர் வாயில் 'சருட்டு' ஆகி, அப்படியே ஆங்கிலத்துக்குப் போனது. ஹோம்ஸ் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1886இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியிலேயே இதற்குத் தனிப் பதிவு உண்டு. செடி அமெரிக்காவிலிருந்து வந்தது, கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர்கள், பெயர் மட்டும் தமிழிலிருந்து அவர்களுக்குத் திரும்பிப் போனது. அங்கிருந்து பர்மாவுக்கும் போனது. 1890இல் கிப்ளிங் எழுதிய 'மாண்டலே' கவிதையில் பர்மியப் பெண் பிடிப்பதும் செரூட்தான்.

ஆங்கிலேயர்கள் செரூட்டுக்கும் சிகாருக்கும் ஒரு வித்தியாசம் வைத்திருந்தார்கள். சிகாருக்குத் தலை உண்டு, அதாவது வாயில் வைக்கிற முனையை இலையால் மூடி ஒட்டியிருப்பார்கள். பிடிக்கும் முன் அதை வெட்ட வேண்டும், அதற்கென்று ஒரு கத்தி, அந்தக் கத்திக்கு ஓர் உறை. செரூட்டுக்கு இரண்டு பக்கமும் திறந்த வாய். எடுத்தோமா, பற்றவைத்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருக்கலாம். அன்றாடத்துக்கான பொருள் என்பது அதன் வடிவத்திலேயே இருக்கிறது.

பெயரிலும் ஒரு சுருட்டல் உண்டு. திருச்சிச் சுருட்டின் இலை பெரும்பாலும் திருச்சியில் விளைந்தது அல்ல. திண்டுக்கல் பக்கத்து இலை. திருச்சி பெரிய ராணுவ முகாம் இருந்த ஊர், சந்தை இருந்த ஊர், உறையூரில் சுருட்டுகிற கைகள் இருந்த ஊர். வாங்குகிறவன் எந்த ஊரில் வாங்கினானோ அந்த ஊர்ப் பெயர்தான் நிற்கும். பின்னால் மதராஸின் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்தது. ஆனாலும் உலகத்துக்கு அது திருச்சிதான். திண்டுக்கல்காரர்கள் பூட்டையும் பிரியாணியையும் வைத்துச் சமாதானம் ஆகிக்கொள்ளலாம்.

அந்த இலையைப் பற்றி தமிழிலேயே ஒரு தூது இலக்கியம் இருக்கிறது. சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது'. பதிப்பித்தவர் உ.வே.சா. பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிறார் புலவர். அன்னம், கிளி, மேகம் என்று போய்க்கொண்டிருந்த தூது மரபில், வெளிநாட்டிலிருந்து வந்து ஒன்றிரண்டு நூற்றாண்டுகளே ஆன ஒரு செடியும் சேர்ந்துவிட்டது. அதற்கு ஒரு புராணமும் தயார். மும்மூர்த்திகளிடம் கொடுத்துவைத்த இலைகளில் சிவனுடைய வில்வமும் திருமாலுடைய துளசியும் போய்விட்டன, பிரமனுடையது மட்டும் போகவில்லை, எனவே அது 'போகை இலை', அதுவே புகையிலை. சிலேடை கொஞ்சம் இழுவைதான். ஆனாலும் புதிதாக வந்த ஒரு போதைக்கு இவ்வளவு சீக்கிரம் குடும்பப் பெயர் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, சாம்பலுக்கு வருவோம்.

1890இல் வந்த 'த சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஹோம்ஸ், 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பிரித்தறிவது பற்றித் தான் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்கிறார். திருச்சிச் சுருட்டின் சாம்பல் கறுப்பு என்று அங்கே மறுபடி வருகிறது. அதே பேச்சில் 'லங்கா' என்று இன்னோர் இந்தியச் சுருட்டும் வருகிறது. இலங்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோதாவரி ஆற்றின் நடுவே இருக்கும் மணல் தீவுகளைத் தெலுங்கில் லங்கா என்பார்கள். வெள்ளம் வடிந்த வண்டலில் விளைந்த புகையிலை அது.

ஏன் கறுப்பு? இது கற்பனை இல்லை, வேதியியல். புகையிலை எப்படி எரிகிறது என்பதை இலைக்குள் இருக்கும் உப்புகள் தீர்மானிக்கின்றன. பொட்டாசியம் இருந்தால் தணல் நின்று எரியும். குளோரைடு ஏறினால் தணல் அணைந்து அணைந்து போகும், கரி முழுதாக எரியாமல் சாம்பலில் தங்கிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் சாம்பலை வெளுக்க வைக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஷ்லோசிங் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்தப் பொட்டாசியம் சமாசாரத்தைப் பிடித்துவிட்டார். இப்போது திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்துக் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சி வளர்த்த இலையில் குளோரைடு ஏறுவது இயல்பு. ஹோம்ஸ் உறைக்குள் போட்டுக்கொண்ட கருஞ்சாம்பல், ஒரு திண்டுக்கல் விவசாயியின் கிணற்றுத் தண்ணீர் என்பது என் ஊகம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது. ஆனால் பொருந்துகிறது. மண்ணுக்கும் இலைக்குமான இந்தக் கணக்கைப் பார்க்கவே வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென 1948இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

அப்படியென்றால் கருஞ்சாம்பல் மட்டமான சுருட்டின் அடையாளமா? சிகார் ரசிகர்கள் ஆமாம் என்பார்கள். வெளுத்து, இறுகி, உதிராமல் ஓர் அங்குலம் நிற்க வேண்டும் சாம்பல் என்பது அவர்கள் இலக்கணம். 1992இல் நியூயார்க்கிலிருந்து வரத் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' பத்திரிகை, ஒயினுக்குப் போடுவதுபோல் சுருட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட ஆரம்பித்தது. கட்டு எப்படி, எரிவது எப்படி, இழுத்தால் புகை தடங்கலில்லாமல் வருகிறதா, சுவை கடைசிவரை நிற்கிறதா என்று பார்த்து ஒரே ஓர் எண். என் தொழிலில் இதை பெஞ்ச்மார்க் என்போம். பெஞ்ச்மார்க்கில் ஒரு சிக்கல் உண்டு. எந்த மெஷினை மனசில் வைத்து அது எழுதப்பட்டதோ அந்த மெஷின்தான் எப்போதும் ஜெயிக்கும்.

உறையூர்க் கட்டு ஒன்று வாங்கி, அதே இலக்கணத்தை வைத்துப் பிடித்துப் பார்த்தேன். மேல் இலையில் நரம்பு தடித்துத் தெரிகிறது: மதிப்பெண் போச்சு. விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஓரிடம் கெட்டி, ஓரிடம் தொளதொள: போச்சு. பற்றவைக்க இரண்டு தீக்குச்சி. முதல் இழுப்பில் காய்ந்த வைக்கோல் எரிகிற நெடி, அடுத்து மிளகுக் காரம், மூக்கின் உள்பக்கம் அமோனியா மாதிரி ஒரு குத்தல். ஒரு பக்கமாகவே எரிந்துகொண்டு போனது. சாம்பல் ஹோம்ஸ் சொன்னபடியே கறுத்து, செதில் செதிலாகச் சட்டையில் விழுந்தது. பாதிக்கு மேல் நாக்கு மரத்துவிட்டது. நூற்றுக்கு அறுபது போடுவதே தாராளம்.

ஆனால் இதைத் தினமும் பிடித்தவர்கள் இப்படியா பிடித்தார்கள்? ஏற்றம் இறைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் பாதி பிடிப்பார், அணைத்துக் காதில் செருகிக்கொள்வார், சாயங்காலம் மீதியைப் பற்றவைப்பார். அவருக்கு வேண்டிய குணம், அணைத்தால் அணைய வேண்டும், பற்றவைத்தால் மறுபடி பற்ற வேண்டும். எந்தப் பத்திரிகையும் இதற்கு மதிப்பெண் வைக்கவில்லை. கியூபா சுருட்டை ஈரப்பதம் சரிபார்த்துப் பெட்டிக்குள் தூங்கவைக்க வேண்டும். இது பெட்டிக்கடைச் சட்டத்தில் நூலில் கட்டித் தொங்கும், சித்திரை வெயிலில் மொறமொறவென்று காய்ந்தாலும் வேலைக்கு ஆகும். காரமும் குறை இல்லை. சிகரெட் புகை ஓரளவு அமிலத்தன்மை கொண்டது, நுரையீரலுக்கு இழுத்தால்தான் ஏறும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். உள்ளே இழுக்கத் தேவையில்லை. அந்தக் குத்தல்தான் அவர் காசு கொடுத்து வாங்கியது.

அதற்கு அவர் கொடுத்த விலை காசு மட்டும் இல்லை. வாயிலேயே தங்குகிற புகை வாயைத்தான் முதலில் தின்னும். ஆந்திராவின் கடற்கரை மாவட்டங்களில் பெண்கள் சுட்டாவின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் இருந்தது. மேலண்ணத்தில் வரும் புற்றுநோயைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் அந்த ஊர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சுருட்டை இழுக்காமல் பிடித்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்லும் சித்தப்பாக்களிடம் இதைக் காட்டலாம், கேட்கமாட்டார்கள்.

சர்ச்சில் கதையைச் சொல்லாவிட்டால் திருச்சிக்காரர்கள் விடமாட்டார்கள். அவர் நம்ம ஊர்ச் சுருட்டைத்தான் விரும்பிப் பிடித்தார், தருவித்துக்கொண்டே இருந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 1896இல் இளம் ராணுவ அதிகாரியாக அவர் பெங்களூரில் வந்து இறங்கியது உண்மை. இங்கே கிடைத்ததைப் பிடித்திருப்பார். ஆனால் அதற்கு முந்தைய வருடமே கியூபாவுக்குப் போய்வந்தவர் அவர். கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தவையும் கியூபா சுருட்டுகள்தான். வங்கப் பஞ்சத்தின்போது பிரதமராக இருந்தவரின் நற்சான்றிதழ் நம் சுருட்டுக்கு எதற்கு என்பது என் கேள்வி. வண்டிக்காரன் ஹோப் போதாதா? கொலைகாரன்தான், கதாபாத்திரம்தான். இருந்தாலும் தன் கூலியில் வாங்கிப் பிடித்தவன்.

இன்னொரு வாடிக்கையாளரும் இருக்கிறார். கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சுடலைமாடனுக்கும் படையலில் சாராயத்தோடு சுருட்டு உண்டு. சாமியாடி குறி சொல்லும்போது வாயில் புகைவது அதுதான். கோட்டைப் பெருமாளுக்கு வைக்கிற நைவேத்தியம் ஊர் ஜனத்தின் அன்றாடச் சாப்பாட்டிலிருந்து வேறாக இருக்கும். எல்லைச் சாமிக்கு அப்படி இல்லை. காவலுக்கு நிற்கிற ஆள் என்ன பிடிப்பானோ அதேதான். உறையூரில் சுருட்டுகிற கைகள் குறைந்துவிட்டன, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பிடிக்கிற கிழவர்களும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆடி, மாசியில் மட்டும் பெட்டிக்கடைகளில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டு தொங்குகிறது. வந்து நிற்கிறவர் "சாமிக்கு, நல்லதா ஒண்ணு குடுங்கண்ணே" என்பார். கடைக்காரர் கட்டிலிருந்து ஒன்றை உருவி, விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பார். திரும்ப வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக் கொடுப்பார்.