ஓதமும் கதிர்வீச்சுச் சமநிலையும்: முத்துப்பேட்டை உவர்நிலத்தை முன்வைத்து

1. களம்

ஓதம் ஏறி இறங்கும் விரிந்த உவர்நிலத்துக்கு முத்துப்பேட்டை நல்ல களம். கோரையாறும் பாமணியாறும் பாக் நீரிணையைச் சேரும் அவ்விடத்தில், அலையாத்திக் காட்டை ஒட்டி உமரிச் செடி படர்ந்த சேற்றுவெளி கிடக்கிறது. ஓதத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். நிலம் ஏறத்தாழச் சமதளமாதலால் ஒரு சாண் நீரே பெரும்பரப்பை மூழ்கடிக்கும்.

2. கதிர்வீச்சின் வரவும் செலவும்

அ) எதிரொளிப்பு: உச்சிவெயிலில் தெளிந்த நீர் 100 பங்கு ஒளியில் சுமார் 5 பங்கையே திருப்பும். உப்புப் பூத்துக் காய்ந்த சேறு 30 பங்குக்கு மேலும் திருப்பக்கூடும். உமரித் தூறின் அடியில் வெளுத்திருக்கும் உப்புப் பொருக்கு, ஓதம் தொட்டதும் கரைய, சேறு கறுக்கும். வெள்ளம் நிறையுமுன்பே எதிரொளிப்பு சரிந்துவிடும். வெயில் சாய்ந்த நேரத்திலோ நீரின் எதிரொளிப்பு பலமடங்கு கூடும்.

ஆ) வெப்ப உமிழ்வு: ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதிப்படி, வெயிலில் காய்ந்த சேறுபோல 47 டிகிரி செல்சியஸில் உள்ள பரப்பு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் சுமார் 595 வாட் உமிழும், ஓதநீர்போல 30 டிகிரியில் உள்ளது சுமார் 480 வாட்தான்.

ஆகவே நண்பகல் ஓதம் வரவைக் கூட்டிச் செலவைக் குறைக்கிறது. ஆனாலும் நிலம் கொதிப்பதில்லை. 10 செ.மீ. நீர் 600 வாட் வீதம் ஒரு மணி நேரம் முழுதும் உள்வாங்கினாலும் 5 டிகிரி அளவே சூடேறும். அந்த வெப்பத்தின் ஒரு பகுதி, ஓதம் வடியும்போது நீரோடு வெளியேறுகிறது.

3. நாள்கணக்கு

ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுவதால் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று நண்பகலில் மூழ்கிய சேறு, ஒரு வாரம் கழித்து அதே வேளையில் வெறுந்தரையாகக் கிடக்கும். ஓர் இடத்தில் அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கு ஏறக்குறைய ஒரே மணியில்தான் உச்சம் தொடும். அது நண்பகலா, அந்தியா என்பதே அவ்விடத்தின் கதிர்வீச்சு வரவைப் பெரிதும் தீர்மானிக்கும்.

4. பருவம்

கிழக்குக் கரையில் சராசரிக் கடல்மட்டம் மார்ச்–ஏப்ரலில் தாழ்ந்தும் நவம்பரை ஒட்டி உயர்ந்தும் நிற்கும். வெயில் வலுக்கும்போது மேட்டுச் சேற்றுக்கு ஓதம் எட்டாமல் உப்பு பூக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நீர் நிறைகிறது. மேகம் ஒளியைக் குறைக்கிறது.

5. முடிவு

சூரியனோடு ஒத்தியங்கும் செயற்கைக்கோள் ஒரே மணிக்குக் கடந்தாலும் எப்போதும் ஒரே ஓதநிலையைக் காண்பதில்லை. ஆகவே கதிர்வீச்சுமானியின் அருகிலேயே நீர்மட்டமானியையும் நிறுத்த வேண்டும். ஓதநிலை குறிக்கப்படாத கதிர்வீச்சு அளவீடு, உவர்நிலத்தைப் பொறுத்தவரை பாதி அளவீடே.