நெல்லூர் சாராய எதிர்ப்பு இயக்கம்

நெல்லூர் சாராய எதிர்ப்பு இயக்கம், ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் கிராமத்துக் கூலிப் பெண்கள் நடத்திய போராட்டம். தெலுங்கில் இதைச் 'சாரா வியதிரேக உத்யமம்' என்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த பெண்கள், புத்தகத்தில் படித்த பாடத்தைத் தங்கள் ஊர்ச் சாராயக் கடை வாசலில் நடத்திக் காட்டினார்கள். அதன் விளைவாக 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயமும், 1995 ஜனவரி 16 முதல் எல்லா மது வகைகளும் தடை செய்யப்பட்டன. பின்னது 1997-இல் தளர்த்தப்பட்டது. மதுவின் தீங்கைக் குறைப்பதில் ஊர்க்கல்வியால் எது முடியும், எது முடியாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு நிகழ்வு இந்தியாவில் கிடைப்பது அரிது.

பின்னணி

நெல்லூர் 1953 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தபோது நெல்லூரும் அதற்குள் அடங்கியது. அறுபதுகளின் இறுதியில் ஆந்திர அரசு மதுவிலக்கைக் கைவிட்டது. அதன் பிறகு கலால் வருமானம் ஏறிய வேகத்தை இரண்டு எண்களே சொல்லும்: 1970-71-இல் 39 கோடி ரூபாய், 1991-92-இல் 812 கோடி ரூபாய்.

சாராயம் விற்கும் உரிமையை அரசு ஆண்டுதோறும் பகுதி பகுதியாக ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் கட்டிய தொகையை மீட்டு, மேலே லாபமும் பார்க்க வேண்டும். ஆகவே அவர் குடிப்பவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சரக்கை அனுப்பினார். 1980களில் என்.டி. ராமராவ் அரசு சாராயத்தைப் பாலிதீன் பாக்கெட்டில் அடைத்துத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்ததும் இது இன்னும் எளிதாயிற்று. திட்டத்தின் பெயர் 'வாருணி வாகினி'. வாருணி என்பது மதுவுக்கு வடமொழியில் உள்ள பெயர்; வாகினி என்றால் பெருகி ஓடுவது. அரசே வைத்த பெயர் இது.

பாக்கெட் ஒரு சின்னப் பொருள்தான். ஆனால் குடியின் போக்கையே அது மாற்றியது. பாட்டிலென்றால் கடை வேண்டும், கடைக்கு நடக்க வேண்டும், மொத்தமாகக் காசு வேண்டும். பாக்கெட்டை இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்ளலாம். மூலையைப் பல்லால் கிழித்து நின்ற இடத்திலேயே உறிஞ்சிவிடலாம். பெட்டிக்கடையிலும் வயல் வரப்பிலும் அது கிடைத்தது. கையில் காசில்லாத நாளில் வரப்போகும் கூலியின் பேரில் கடனாகவும் கிடைத்தது. குறைந்த விலை, கைக்கெட்டும் இடம், கடன் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் குடி பெருகும் என்பது பொதுச் சுகாதாரத் துறையின் பால பாடம். நெல்லூர்ப் பெண்களுக்கு அந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுப்பில் உலை வைக்கும்போதே அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வகுப்பும் வாசிப்பு நூலும்

1991 ஜனவரியில் நெல்லூரில் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் முகம் பழக்கமானதாக இருக்கும். பகல் வேலை முடிந்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு கூடும் வகுப்பு, விளக்கு வெளிச்சம், சம்பளம் வாங்காத உள்ளூர்த் தொண்டர்கள், கலைக்குழுவின் பாட்டும் நாடகமும். இரண்டு இயக்கங்களும் ஒரே தேசிய எழுத்தறிவுத் திட்டத்தின் கிளைகள்.

நெல்லூர் வாசிப்பு நூலில் 'சீதம்மா கதை' என்றொரு பாடம் இருந்தது. கூலியைக் குடித்துத் தீர்க்கும் கணவனோடு ஒரு பெண் படும் பாடும், ஊர்ப் பெண்கள் திரண்டு சாராயக் கடையை மூட வைப்பதும் அதன் கரு. கல்லீரல் படமோ மண்டையோட்டுப் படமோ அதில் இல்லை. படிக்கிறவளின் சொந்த வீடே பாடமாக இருந்தது. பாடம் முடிந்ததும் பேச்சு தொடங்கியது. ஒருத்தி தன் வீட்டுக் கதையைச் சொல்ல, அடுத்தவள் தன் கதையைச் சொன்னாள். தன் தலைவிதி என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே மூடிவைத்திருந்தது ஊர் முழுவதுக்கும் பொதுவானது என்று அந்த வகுப்பில்தான் தெரிந்தது. இந்த இயக்கத்தின் விதை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. குடி கெடுதல் என்ற செய்தி அவர்களுக்குப் புதிதல்ல. சேர்ந்து பேச ஓர் இடம் கிடைத்ததுதான் புதிது.

தூபகுண்டா

கலிகிரி மண்டலத்தைச் சேர்ந்த தூபகுண்டா, கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் வாழும் சிற்றூர். அங்கே வர்தினேனி ரோசம்மாவும் மற்றப் பெண்களும் முதலில் கள் விற்பவரைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு சாராயம் ஏற்றி வந்த வண்டியை ஊருக்குள் விடாமல் மறித்தார்கள். கலெக்டருக்கு மனுவும் போனது. ஊர்க் கடை மூடப்பட்டது.

எழுத்தறிவு இயக்கத்தார் அடுத்த கட்ட நூலைத் தயாரித்தபோது, 'பெண்கள் ஒன்று சேர்ந்தால்' என்ற பொருள்தரும் தலைப்பில் தூபகுண்டாவின் கதையையே பாடமாக்கினார்கள். முதல் நூலில் கற்பனைக் கதை; இரண்டாவது நூலில் பக்கத்து ஊரில் நடந்த உண்மை. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்ற கேள்வி மாவட்டம் முழுவதும் எழுந்தது.

ஏலத்தை எதிர்த்து

1992-இல் போராட்டம் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. பெண்கள் விளக்குமாறும் மிளகாய்ப் பொடியுமாக ஊர் எல்லையில் காவல் இருந்தார்கள். பாக்கெட்டுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். திருந்தாத குடிகாரர்களுக்கு மொட்டையடித்து ஊர்வலம் விட்டதும் உண்டு. அடிபட்டே பழகியவர்களின் ஆத்திரம் புரிகிறது. ஆனாலும் குடிநோயாளியை அவமானப்படுத்துவது குடியை நிறுத்தாது; அவரை ஒளிந்து குடிக்கத்தான் வைக்கும்.

கடையை மூடுவதோடு நிற்காமல், கடைக்கு வேரான ஏலத்தைப் பிடித்ததில்தான் இந்தப் பெண்களின் அரசியல் கூர்மை தெரிகிறது. 1992 செப்டம்பரில் நெல்லூர் ஏலத்தைத் தடுக்கப் பெண்கள் திரளாகக் கூடினார்கள்; ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் என். ஜனார்த்தன ரெட்டியும் நெல்லூர் மாவட்டத்துக்காரரே. ஜன விஞ்ஞான வேதிகை போன்ற அறிவியல் அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் துணைக்கு வந்தன. 'ஈநாடு' நாளிதழ் போராட்டச் செய்திகளை நாள்தோறும் விரிவாக வெளியிட்டது.

தடையும் தளர்வும்

கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி முதலமைச்சராக இருந்தபோது, 1993 ஏப்ரல் 15 அன்று நெல்லூர் மாவட்டத்திலும் அக்டோபர் 1 அன்று மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. முழு மதுவிலக்கை வாக்குறுதியாகத் தந்து வென்ற ராமராவ், 1994 டிசம்பரில் பதவியேற்றதும் அதற்கான கோப்பில் கையெழுத்திட்டார். 1995 செப்டம்பரில் ஆட்சி சந்திரபாபு நாயுடுவின் கைக்கு மாறியது. வருவாய் இழப்பும் அண்டை மாநிலக் கடத்தலும் கள்ளச் சாராயமும் காரணங்களாகச் சொல்லப்பட்டு, 1997-இல் மதுவிலக்கு தளர்ந்தது. சாராயத் தடை மட்டும் நீடித்தது.

மதிப்பீடு

உலகில் 2019-இல் மதுவால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தீங்கைக் குறைக்க அந்நிறுவனம் 2018-இல் ஐந்து வழிகளை முன்வைத்தது: மது கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது, குடித்து வண்டி ஓட்டுவதைத் தடுப்பது, சிகிச்சையை எளிதாக்குவது, விளம்பரத்தைத் தடை செய்வது, விலையை உயர்த்துவது. நெல்லூர்ப் பெண்களின் கைக்கு எட்டியது முதல் வழி மட்டுமே. அதை அவர்கள் எந்த அரசையும்விட உறுதியாகப் பிடித்தார்கள்.

சிகிச்சையைத் தர வேண்டிய பொறுப்பு அரசுடையது. குடிக்கு உடல் அடிமையாகிவிட்டவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். கடையை மூடும் நாளன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் மருத்துவரும் தயாராக இருக்க வேண்டும். தடை ஆணையில் காட்டிய அக்கறையில் கால் பங்கைக்கூட அரசு இதில் காட்டவில்லை. 800 கோடி ரூபாய்க்கு மாற்று வருவாய் தேடாததும் அதன் பிழையே. இரண்டுக்கும் பெண்களைக் குறை சொல்ல நியாயமில்லை.

சாராயத்துக்குப் போன காசில் நாளொன்றுக்கு ஒரு ரூபாயாவது சேர்ப்போம் என்று நெல்லூரில் தொடங்கிய 'பொதுப்பு லட்சுமி' சேமிப்புக் குழுக்கள், ஆந்திரத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அடித்தளமாயின. மதுவிலக்கு போன பிறகும் அந்தக் குழுக்கள் கலையவில்லை. மது விற்பனை மீண்டும் அரசுக் கருவூலத்தை நிரப்பத் தொடங்கிவிட்டது. ஆனால் அரசு ஏலம் விட்ட சாராயப் பாக்கெட், 1993-க்குப் பிறகு ஆந்திரக் கிராமங்களுக்குத் திரும்பி வரவேயில்லை.