எல் பலகையும் பெரிய வண்டியும்: பிரிட்டனில் ஒரு சட்டத்தின் கதை

பிரிட்டனில் வாகனம் ஓட்டத் தேர்வு கட்டாயமானது 1935 ஜூன் மாதத்தில். பழகுபவர் வண்டியில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகையைக் கட்ட வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டே வந்தது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா காலத்தில் அமைந்த இந்த ஏற்பாடு காரை மனத்தில் வைத்து உருவானது. கார் பழகுபவருக்குப் பக்கத்தில் உரிமம் பெற்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார். கை தடுமாறினால் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் உண்டு. மோட்டார் சைக்கிள் பழகுபவருக்கு அந்தத் துணை கிடையாது. முதல் முறை கிளட்சை விடும்போதும் அவர் தனியாள்தான்.

இந்த வேறுபாட்டைச் சட்டம் 25 ஆண்டுகள் கண்டுகொள்ளவே இல்லை. 16 வயது நிரம்பியவர் எல் பலகையைக் கட்டிக்கொண்டு எந்த அளவு வண்டியையும் ஓட்டலாம். 1959-இல் வந்த 650 சி.சி. ட்ரயம்ஃப் பானவில் அக்காலத்தின் மிக வேகமான வண்டிகளில் ஒன்று. அதைக்கூட வாங்கிய அன்றே ஒரு பழகுநர் சாலைக்குக் கொண்டுவர முடிந்தது. தேர்வும் அதற்கேற்ற எளிமைதான். தேர்வாளர் நடைபாதையில் நின்றுகொண்டு, தெருக்களைச் சுற்றிவரச் சொல்வார். கண்ணில் படும் இடத்தில் எப்படி ஓட்டுகிறார் என்று குறித்துக்கொள்வார். ஏதோ ஒரு சுற்றில் சாலையோரம் இறங்கிக் கையை உயர்த்துவார். உடனே பிரேக் பிடித்து நிற்க வேண்டும். தெரு முனையைத் தாண்டியபின் பழகுநர் என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியாது.

1960-இல் மட்டும் பிரிட்டன் சாலைகளில் 1,700-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் பயணிகள் இறந்தார்கள். இளைஞர்கள் இரவு நேரத்தில் காபிக் கடைகளின் முன் கூடிச் சாலையில் பந்தயம் விடுவது பத்திரிகைகளில் பெரிய செய்தியாக இருந்த காலம் அது. அந்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 1961-இல் நடைமுறைக்கு வந்தது: தேர்வில் தேறாதவர் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியைத் தனியாக ஓட்டக் கூடாது. சிறிய வண்டியில் பழகி, பிறகு பெரியதுக்கு ஏற வேண்டும் என்ற கருத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்தது அப்போதுதான்.

கோடு போட்டவுடன் தொழிற்சாலைகள் அந்தக் கோட்டின் விளிம்புவரை வந்து நின்றன. ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1964 இறுதியில் 'கான்டினென்டல் ஜிடி' என்ற 250 சி.சி. வண்டியை அறிமுகம் செய்தது. ஐந்து கியர், தாழ்ந்த கைப்பிடி, சிவப்பு டேங்க், பந்தய வண்டியின் தோற்றம். வேகம் மணிக்கு சுமார் 135 கிலோமீட்டர் என்றது நிறுவனம். ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஜான் ஓ குரோட்ஸிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனைவரை 24 மணி நேரத்துக்குள் அதை ஓட்டிக் காட்டினார்கள். எல் பலகையோடு ஓட்டச் சட்டம் அனுமதித்த வண்டி இது! தொடர்ந்து ஜப்பானிய வண்டிகள் வந்தன. 1978-இல் சுசுகி இறக்கிய ஜிடி250 எக்ஸ்7, மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் தொடும் என்று விளம்பரம் ஆனது. சட்டம் எஞ்சினின் கொள்ளளவை மட்டுமே அளந்தது. அந்தக் கொள்ளளவிலிருந்து எவ்வளவு சக்தியைப் பிழியலாம் என்பது பொறியாளர்களின் திறமைக்கு விடப்பட்டது. பக்கத்தில் சைட்கார் பூட்டினால் எந்த சி.சி. வண்டியையும் பழகுநர் ஓட்டலாம் என்ற விதிவிலக்கும் இருந்தது. பெயருக்கு ஒரு சட்டகத்தைப் பக்கவாட்டில் பொருத்திக்கொண்டு 250-ஐத் தாண்டிப் போனவர்கள் உண்டு.

1971 இறுதியில் 16 வயதினரை 50 சி.சி. மொபெட்டுக்குள் அடக்கிய விதியும் இதே வழியில்தான் போனது. மொபெட் என்றால் பெடல் இருக்க வேண்டும் என்றது சட்டம். யமஹா எஃப்எஸ்1-இ வண்டிக்கு மிதித்து ஓட்டக்கூடிய பெடல் இருந்தது. மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டிய வேகமும் இருந்தது. ஒரு தலைமுறைப் பையன்கள் அதில்தான் பழகினார்கள். 1977-இல் மொபெட்டுக்கு மணிக்கு 30 மைல் என்ற வேக வரம்பு வந்தது, பெடல் தேவையில்லை என்றானது.

பெரிய வண்டியைக் கண்டு பழகுநர் பயப்படுவதற்கான காரணம் பெரும்பாலும் உச்ச வேகம் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பயம் தொடங்குவது நின்ற இடத்தில். 125 சி.சி. வண்டி 110 முதல் 140 கிலோ எடை இருக்கும். 500, 600 சி.சி. வண்டி 200 கிலோவை ஒட்டி நிற்கும். இருக்கை உயரமாக இருந்து, காலின் நுனி மட்டும் தரையில் பட்டால், சற்றுச் சாய்ந்தாலும் தாங்க முடியாது. ஓடும்போது வண்டி தானாக நிலைகொள்ளும்; நடை வேகத்தில் அந்த உதவி மிகக் குறைவு. குறுகிய தெருவில் வண்டியைத் திருப்பும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் விழுகிறார்கள். அதற்குரிய கைப்பழக்கம் வேறு: கிளட்சைப் பாதிப் பிடியில் வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே சீராகக் கொடுத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கைப்பிடி திரும்பியிருக்கும்போது பதறி முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். சிறிய வண்டியில் இந்தத் தவறுகளைக் கால் ஊன்றிச் சமாளித்துவிடலாம். அதனாலேயே சிறிய வண்டியில் பல ஆண்டுகள் ஓட்டியும் இதைக் கற்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பாடத்தைச் சொல்லித் தரும் பொறுப்பைச் சட்டம் ஏற்றது மிகத் தாமதமாக. 1982-இல் தேர்வு இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் பகுதி சாலைக்கு வெளியே, மூடிய திடலில் நடந்தது. 1983-இல் பழகுநர் வரம்பு 125 சி.சி.க்கு இறங்கியது, சக்திக்கும் முதல் முறையாக 12 குதிரைத்திறன் என்ற எல்லை வந்தது. தற்காலிக உரிமம் இரண்டு ஆண்டுதான். அதற்குள் தேறாதவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆனாலும் 125-இல் தேறியவர் மறுநாளே 1,000 சி.சி. வாங்குவதைத் தடுக்க எதுவும் இல்லை.

1990 டிசம்பரில் வந்த கட்டாய அடிப்படைப் பயிற்சிதான் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம். அதன்பின் பயிற்றுநர் முன் திடலில் ஓட்டிக் காட்டி, குறைந்தது 2 மணி நேரம் அவரோடு சாலையில் ஓட்டிய பிறகுதான் பழகுநர் தனியே போகலாம். சாலையில் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. காதில் ரேடியோ, பின்னால் வரும் பயிற்றுநரின் குரல் அதில் கேட்டுக்கொண்டிருக்கும். கார் பழகுபவருக்கு 1935-இலேயே கிடைத்த பக்கத்துணை, பைக் பழகுபவருக்குக் கிடைக்க 55 ஆண்டுகள் ஆயின. உயிர்களைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இது மன்னிக்க முடியாத தாமதம்.

1990-களின் பிற்பகுதியில் 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரிய வண்டியிலேயே பயின்று தேர்வு எழுத வழி திறந்தது. ஹோண்டா சிபி500, சுசுகி ஜிஎஸ்500, கவாசகி இஆர்-5 போன்றவை பயிற்சிப் பள்ளிகளின் வண்டிகளாயின. நடுவயதில் முதன்முதலாக பைக் ஏறியவர்களுக்கு இது பெரும் உதவி: வாழ்நாளில் முதல் முறையாக 200 கிலோ வண்டியைத் திருப்பும்போது பக்கத்தில் பயிற்றுநர் இருந்தார். 2009-இல் தேர்வுத் திடலில் மெதுவாக ஓட்டுவது, எட்டு வடிவில் சுற்றுவது, திருப்புவது, மணிக்கு 50 கிலோமீட்டரில் விலகி ஓடுவது ஆகியவை தனித் தேர்வாயின. 2013 ஜனவரியில் ஐரோப்பிய விதிகளின்படி இன்றைய ஏணி அமைந்தது: 17 வயதில் ஏ1 உரிமம், 125 சி.சி. வரை, 19-இல் ஏ2, 35 கிலோவாட் வரை, ஏ2-இல் இரண்டு ஆண்டு கழித்து 21-இலோ, நேரடியாக 24-இலோ வரம்பற்ற ஏ. ஒவ்வொரு படிக்கும் பிரிட்டனில் தேர்வு உண்டு.

ரெடிட்ச் ஆலை மூடப்பட்டபின் ராயல் என்ஃபீல்டு பெயரைக் காத்தது சென்னை. 1950-களில் திருவொற்றியூரில் தொடங்கிய தயாரிப்பு அதன்பின்னும் தொடர்ந்தது. 2018-இல் சென்னைப் பகுதி ஆலைகளிலிருந்து வந்த 650 சி.சி. இன்டர்செப்டரும் புதிய கான்டினென்டல் ஜிடியும் சுமார் 47 குதிரைத்திறன் தருகின்றன. 35 கிலோவாட் என்ற ஏ2 வரம்புக்குள் அப்படியே அடங்கும் அளவு. 19 வயது பிரிட்டிஷ் இளைஞர், பயிற்சியும் தேர்வுகளும் முடித்து, அந்த வண்டியை ஓட்டலாம். அது உருவான நாட்டில் விதி வேறு. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்தைக் கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி என்று பிரிக்கிறதே தவிர, கியர் வண்டிக்குள் கொள்ளளவாலோ சக்தியாலோ படி எதுவும் வைக்கவில்லை. 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டுத் தேறிய 18 வயதினருக்கு, 650 சி.சி.யை ஓட்ட அதே உரிமம் போதும்.