சுருதி விளையாட்டு

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை விளையாட்டின் வழியே சுருதி சேர்ந்து பாடப் பழக்கும் முறை. ஆறு வயதில் சுருதி விலகும் பிள்ளையைப் 'பாட்டு வராதது' என்று ஒதுக்குவது பெருந்தவறு. காது கேட்டதைத் தொண்டை எட்டிப் பிடிக்கப் பெரும்பாலும் இன்னும் பழகியிருக்காது, அவ்வளவே.

பேசும் குரலிலேயே பாட முயல்வது முதல் இடர். கடற்பறவைபோல் 'கூ' என்று மேலேறிக் கீழிறங்கினால் பாடும் குரல் தானே திறக்கும். அடுத்து, ஒருவர் பெயரை இரண்டே சுரங்களில் அழைக்க, மற்றவர் அதே சுரங்களில் பதில் தருவது. பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்கும் இந்த இடைவெளி பிள்ளைகளுக்கு எளிது; ஹங்கேரியின் சோல்தான் கோடாய் (1882–1967) வழிவந்த பயிற்சியும் இதிலிருந்தே தொடங்குகிறது. சுர உயரத்தைக் காட்டும் கைச்சைகைகள் இங்கிலாந்தின் ஜான் கர்வென் தந்தவை. ஆண் ஆசிரியரின் தாழ்ந்த குரல் சிறுவரைக் குழப்பும். நன்றாகப் பாடும் பிள்ளையை முன்பாடச் சொல்வதே நலம்.

பொன்னேரியை அடுத்த பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளிகளுக்கு இம்முறை அந்நியமாகாது. வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு தமிழகக் கடற்கரையின் மரபு: ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் பின்பாடுவர். திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூனில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 1–3 வகுப்புகளுக்குப் பாடலையும் விளையாட்டையும் கொண்டுவந்தது. அதன் இலக்கு எழுத்தும் கணக்கும். சுருதிக்கும் அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.