ஏரியும் ஊராரும்

பெங்களூர் நகரின் கிழக்குப் பாகத்தில், காக்ஸ் டவுனை அடுத்து, ஜீவனஹள்ளி என்றொரு பகுதி இருக்கிறது. கன்னடத்து ‘ஹள்ளி’யும் நம் ஊர்ப்பெயர்களில் வழங்கும் ‘பள்ளி’யும் ஒரே வேரிற் பிறந்தவை. ‘ஜீவனம்’ என்ற வடசொல்லுக்கு வாழ்க்கை என்பதோடு நீர் என்னும் பொருளும் உண்டு. ஊர்ப்பெயரின் காரணம் அதுவே என்று சாதிக்க நான் முற்படவில்லை. சொற்களோடு பழகியவனுக்கு இத்தகைய சபலம் எழுவது இயல்பு. ஆயினும், பெங்களூர்க் கிராமங்களின் பழைய வரலாற்றை எங்கே தொட்டாலும் அது நீரில்தான் கொண்டுபோய் விடுகிறது.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தின் முகட்டில் அமைந்த நகரம் இது. ஊருக்குள் வற்றாத ஆறு கிடையாது. 1537-ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் இங்கே கோட்டை எழுப்பினார். அவர் காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், மக்கள் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரையிட்டு ஏரிகளை அமைத்தனர். மேலேரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கின் வழியே இறங்கி, ‘ராஜகாலுவே’ எனப்படும் பெருங்கால்வாயில் ஓடிக் கீழேரியைச் சேரும். பெருமழை ஒரேயடியாகப் பள்ளத்தில் பாயாமல், ஏரிதோறும் தங்கித் தங்கி இறங்கிற்று.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் ஊரார் தம் ஏரியை மட்டும் காத்துப் பயனில்லை. மேலூரார் கால்வாயைத் தூர்த்தால் கீழூர் வறண்டுவிடும். மேலூர்க் கரை உடைந்தாலோ கீழூர் மூழ்கிவிடும். ஆகவே, மதகைத் திறந்து மூடவும் நீரைப் பங்கிடவும் ‘நீருகண்டி’ என்ற ஊர்ப்பணியாளர் இருந்தார். தமிழ்நாட்டில் அவரை நீர்க்கட்டி என்போம். கோடையில் அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாயிற்று. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையால் ஆண்டுதோறும் ஏரி வாரியம் அமைத்த முறையை விவரிக்கின்றன. ஏரியைக் காப்பது ஊரின் பொதுப்பொறுப்பு என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது.

அது எப்போது தளர்ந்தது? 1894-ஆம் ஆண்டில் ஹெஸரகட்டாவிலிருந்து நகருக்குக் குழாய்நீர் வந்தது. அது பெரும் நன்மையே, ஐயமில்லை. ஆனால் நீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும், அண்டையிலிருந்த ஏரியைக் காக்க வேண்டிய அவசியம் மறைந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. கரக விழாவின் பொருட்டு ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது. ஏரி போயினும் பள்ளம் போகவில்லை. மழைநீர் தன் பழைய வழியை மறப்பதுமில்லை. 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் இரவு, 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தபோது, பெல்லந்தூர்ப் பக்கத்து மாளிகைவாசிகளும் படகிலும் டிராக்டரிலும் வெளியேற நேர்ந்தது.

ஊரார் மீண்டும் கூடிய இடமும் உண்டு. சர்ஜாப்பூர் சாலையிலுள்ள கைகொண்டனஹள்ளி ஏரி வறண்டு, கழிவு சேரும் நிலமாகிக் கிடந்தது. சுற்றுப்புறத்தார் 2009-ஆம் ஆண்டு வாக்கில் மாநகராட்சியோடு சேர்ந்து அதன் புனரமைப்பைத் தொடங்கினர். பின்னர் அறக்கட்டளை ஒன்றை அமைத்துப் பராமரிப்பிலும் பங்கேற்றனர். பூங்காவோ நடைபாதையோ எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பொறியாளரும் குடியிருப்போரும் ஆடுமாடு மேய்ப்போரும் ஒரே ஏரியைப்பற்றிக் கலந்து பேசினார்களே, அதுவே பெரிது.

ஜீவனஹள்ளி போன்ற நெருங்கிய தெருக்களில் புதிய ஏரிக்கு இடமில்லை, கூரைகள் உண்டு. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் விழும். ஒரு வீட்டார் மட்டும் தேக்கினால் தெருவெள்ளம் குறையாது. அத்தகைய நூறு வீட்டாரும் தொட்டியிலோ உறிஞ்சுகிணற்றிலோ விட்டால், 5 லட்சம் லிட்டர் நீர் தெருவில் இறங்காது. பெரிய மனைகளில் மழைநீர் சேகரிப்பை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கட்டாயமாக்கியது. சிறிய வீடுகள் நெருங்கிய சந்துகளிலோ, எந்த வீட்டு முற்றத்தில் பொதுக்கிணறு தோண்டுவது, மழைக்கு முன் வடிகால் வாயை யார் துப்புரவு செய்விப்பது என்பவற்றை அத்தெருவாரே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.