கல் குவாரி, சுரங்கம், மின் திட்டங்கள்: கிராம சபையின் ‘வேண்டாம்’ எங்கே செல்லுபடியாகும்?

புதுதில்லி: ஒடிசா மாநிலத்தின் ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் பரவியுள்ள நியம்கிரி மலையில் பாக்சைட் தாது வெட்டியெடுக்கும் திட்டம் 2013-ஆம் ஆண்டு 12 கிராம சபைகளின் முன் வைக்கப்பட்டது. ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை நடைபெற்ற கூட்டங்களில் 12 சபைகளும் அத்திட்டத்தை நிராகரித்தன. அதனைத் தொடர்ந்து 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு இறுதி அனுமதி மறுத்தது.

குவாரி, சுரங்கம், மின் திட்டம் ஆகியவற்றுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றும் கிராமங்கள் பெரும்பாலும் இந்த முன்னுதாரணத்தையே சுட்டிக்காட்டுகின்றன. ஆனால், எல்லாத் தீர்மானங்களுக்கும் சட்டத்தில் ஒரே எடை இல்லை. கருத்துக் கேட்பு, கலந்தாலோசனை, பரிந்துரை, ஒப்புதல் என நான்கு வெவ்வேறு சொற்களைச் சட்டங்கள் பயன்படுத்துகின்றன. ஒரு கிராமத்துக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதை, கனிமத்தின் வகை, நிலத்தின் தன்மை, கிராமம் அமைந்துள்ள பகுதி ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன.

அரசமைப்பில் ஊராட்சிகளின் இடம்

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிகளுக்கு அரசமைப்பு அங்கீகாரம் அளித்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையாகப் பதினோராவது அட்டவணையில் 29 துறைகள் இடம்பெற்றுள்ளன. மரபுசாரா எரிசக்தி, ஊரக மின்மயமாக்கல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. சுரங்கமும் குவாரியும் இல்லை. பட்டியலில் உள்ள துறைகளிலும் எவ்வளவு அதிகாரத்தை வழங்குவது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது.

கனிமங்களைப் பொருத்தவரை, 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டமே அடிப்படையானது. கட்டுமானக் கல், சரளை, சாதாரண மணல், சாதாரணக் களிமண் போன்றவை சிறு கனிமங்கள் எனப்படுகின்றன. அவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு. 2015 பிப்ரவரியில் மேலும் 31 கனிமங்கள் இவ்வகையில் சேர்க்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களுக்கான சுரங்க ஏலத்தை மத்திய அரசு மட்டுமே நடத்த முடியும்.

பழங்குடிப் பகுதிகள்: கலந்தாலோசனையும் பரிந்துரையும்

ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், ஹிமாசலப் பிரதேசம் ஆகிய 10 மாநிலங்களில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் வரும் பழங்குடிப் பகுதிகள் உள்ளன. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஏதுமில்லை.

இப்பகுதிகளுக்கென 1996-இல் ‘பெசா’ எனப்படும் ஊராட்சிகள் விரிவாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் கையகப்படுத்தும் முன் கிராம சபையுடனோ உரிய நிலையிலுள்ள ஊராட்சியுடனோ கலந்தாலோசிக்க வேண்டும் என அது கூறுகிறது. சிறு கனிமங்களுக்கான குத்தகை வழங்குவதற்கோ ஏலம் விடுவதற்கோ முன்னர் அவற்றின் பரிந்துரையைப் பெறுவது கட்டாயம்.

இதில் இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவதாக, பரிந்துரை என்ற நிபந்தனை சிறு கனிமங்களுக்கு மட்டுமே உரியது. நிலக்கரி, இரும்புத் தாது போன்றவற்றுக்குப் பொருந்தாது. இரண்டாவதாக, ‘கிராம சபை அல்லது உரிய நிலையிலுள்ள ஊராட்சி’ என்று சட்டம் கூறுவதால், ஊர் மக்கள் அனைவரும் கூடும் சபைக்குப் பதிலாக, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அமைப்பின் பரிந்துரையே போதும் என மாநிலங்கள் விதி வகுக்க இடமுள்ளது.

வன நிலம்: ஒப்புதலின் எடை

நியம்கிரி தீர்மானங்களுக்கு வலிமை அளித்தது பெசா மட்டுமன்று; 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே அதன் முதன்மையான அடித்தளம். டோங்ரியா கோண்டு மக்களின் சமூக, பண்பாட்டு, சமய உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைச்சகத்தின் முடிவு அதன் அடிப்படையில் அமைய வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது.

வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் முன் கிராம சபையின் ஒப்புதல் பெறப்பட வேண்டும் என 2009-இலேயே மத்திய அரசு அறிவுறுத்தியிருந்தது. சாலை, மின்தொடர் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு 2013-இல் இதிலிருந்து தளர்வு அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைகள் நிறைவேற்றப்பட்டதை உறுதிசெய்யும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டன. இதனால் கிராம சபையின் குரல், மத்திய அரசு ஒப்புதல் அளித்த பின்னரே கேட்கப்படும் நிலை உருவாகும் என்ற விமர்சனம் எழுந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல

வனமோ ஐந்தாவது அட்டவணைப் பகுதியோ அல்லாத ஊர்களுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது, 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிடப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடத்தப்படும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே. குறைந்தபட்சம் 30 நாள்களுக்கு முன்னர் அறிவிப்பு வெளியிட்டு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இக்கூட்டத்தை ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார்.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை ஏதும் தேவையில்லை. அதேபோல, அனைவரும் எதிர்த்தாலும் திட்டம் தானாக ரத்தாகாது. எழுப்பப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யப்பட்டு, நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்படும். எனவே, ‘எதிர்க்கிறோம்’ என்ற ஒற்றை வரியைவிட, குறிப்பிட்ட ஓடை, கிணறு, பள்ளி, பாதை ஆகியவற்றைச் சுட்டும் ஆட்சேபமே பின்னர் தீர்ப்பாயத்தில் பயன்படும்.

5 ஹெக்டேருக்கும் குறைவான குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், தனித்த சிறு குவாரிகளுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அருகருகே உள்ள குவாரிகளின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் நடத்தும் நடைமுறை, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2018-ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின்னர் வந்தது.

நிலக்கரியும் சூரிய மின்சக்தியும்

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் திட்டங்களுக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் ஒப்புதலையும், அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 சதவீதத்தினரின் ஒப்புதலையும் கோருகிறது. ஆயினும், நிலக்கரி நிலங்களுக்கான 1957-ஆம் ஆண்டுச் சட்டம், அணுசக்திச் சட்டம், மின்சாரச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களின் கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்கு இந்த ஒப்புதல் விதி பொருந்தாது. இழப்பீடும் மறுவாழ்வும் தொடர்பான விதிகள் மட்டுமே பொருந்தும்.

சூரிய ஒளி, காற்றாலை மின் திட்டங்களுக்கு 2006 அறிவிக்கையின் கீழ் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. நிலம் உரிமையாளரிடம் நேரடியாக வாங்கப்பட்டாலோ குத்தகைக்கு எடுக்கப்பட்டாலோ, கையகப்படுத்தல் சட்டத்தின் ஒப்புதல் கேள்வியும் எழுவதில்லை. பதினோராவது அட்டவணையில் இடம்பெற்றுள்ள துறை என்றபோதிலும், மேய்ச்சல் நிலத்தையும் நீர்வரத்தையும் பற்றிப் பேச ஊராட்சிக்கு இங்கு முறையான மேடை மிகக் குறைவு.

மேலூர் காட்டிய வழி

மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சுமார் 2,015 ஹெக்டேர் கொண்ட அப்பகுதியில், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அடங்கியிருந்தது. சுற்றுவட்டார ஊர்களின் தீர்மானங்களுக்கு ஏலத்தைத் தடுக்கும் சட்ட வலிமை இல்லை. எனினும், எதிர்ப்பு வலுத்ததைத் தொடர்ந்து டிசம்பர் 9 அன்று தமிழக சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நியம்கிரியில் சட்டம் சாதித்ததை இங்கு அரசியல் அழுத்தம் சாதித்தது. அத்தகைய அழுத்தம் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை.

தவறவிடக் கூடாத 30 நாள்கள்

சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்ட பின்னரும் ஒரு வாய்ப்பு உண்டு. அனுமதியை எதிர்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள்கள் வரை அவகாசம் கிடைக்கும். அனுமதியின் நகலைத் திட்ட நிறுவனம் உள்ளாட்சி அமைப்பின் தலைவரிடம் வழங்க வேண்டும் என்றும், அதனை 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் விதி உள்ளது. ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் அந்த நகல் ஒட்டப்படுகிறதா, அதனை யாரேனும் படிக்கிறார்களா என்பதைப் பொருத்தே பல கிராமங்களில் அந்த வாய்ப்பு பயன்படுகிறது அல்லது காலாவதியாகிறது.